பதினேழாம் எண் செருப்பு

நவாப்பேட்டை நகர முன்னேற்ற மனமகிழ் மன்றத்தில் ஓர் உறுப்பினர் வந்திருக்கிறாரா இல்லையா என்பதை அவருடைய முகத்தைப் பார்த்து முடிவு செய்யும் வழக்கம் கிடையாது. செருப்பைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.

ஆரம்ப காலத்தில் மற்ற ஊர்களைப் போல இங்கேயும் கையெழுத்துதான் இருந்தது. ஒரே ஆள் வந்து நாலு பேருக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு, மேஜை மேலிருக்கும் பேப்பரையும் சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விடுவார். ஆம்பூருக்கும் குடியாத்தத்துக்கும் நடுவில் இருக்கிற இந்த ஊரில் தோலோடு சம்பந்தமில்லாத வீடு கிடையாது. எதிரில் வருகிறவன் பெயரை மறந்தாலும் அவன் காலில் கிடப்பது ஆட்டுத்தோலா மாட்டுத்தோலா, எந்த மண்டியில் எடுத்தது என்பதை மறக்க மாட்டார்கள். ஆகவே மன்றத்தை ஆரம்பித்து வைத்த பெரியவர்கள் யோசித்து, வாசலில் இருபத்தொரு கட்டங்கள் கொண்ட மர அலமாரி ஒன்றைச் செய்து வைத்தார்கள். உறுப்பினருக்கு ஒரு கட்டம், கட்டத்துக்கு ஒரு நம்பர். விதி பதினான்கு இப்படிச் சொல்கிறது: ‘செருப்பு கட்டத்தில் இருக்கும்வரை உறுப்பினர் மன்றத்தில் இருப்பதாகக் கொள்ளப்படும்.’

இந்த விதியை எழுதியவர்கள் நல்லவர்கள். மனிதன் செருப்பை விட்டுவிட்டுப் போகக்கூடிய சந்தர்ப்பம் ஒன்று உண்டு என்பது அவர்களுக்கு அப்போது தோன்றவில்லை.

1978 ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், காரியதரிசி கோதண்டராமன் ஆண்டறிக்கை படித்துக்கொண்டிருந்தபோது பதினேழாம் எண் உறுப்பினர் ஆதிகேசவன் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தபடியே இறந்துபோனார். தோல் பதனிடும் டேனரி ஒன்றில் ஆள் வருகைப் பதிவு எழுதும் குமாஸ்தா அவர். தூங்குகிறார் என்றுதான் பக்கத்திலிருந்தவர்கள் நினைத்தார்கள். ஆண்டறிக்கையின்போது தூங்குவது மன்ற மரபு என்பதால் யாரும் எழுப்பவில்லை. நன்றியுரையும் முடிந்து எல்லோரும் எழுந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. முன்வாசலை அடைத்துக்கொண்டு பிங்பாங் மேஜை கிடந்ததால், பெஞ்சில் படுக்க வைத்துப் பின்வாசல் வழியாக வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். செருப்பு பதினேழாம் கட்டத்திலேயே இருந்துவிட்டது.

அவருடைய மனைவி அமிர்தவள்ளிக்கு அந்தச் செருப்பின் ஞாபகம் முதலில் வரவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்து, ஜோலார்பேட்டையில் வாழ்க்கைப்பட்ட மகளும் ஊருக்குக் கிளம்பிப் போன பிறகு, வீட்டில் அவள் தனியாக இருந்தாள். விளக்கு வைக்கும் நேரத்துக்குப் பின்கட்டில் யாரோ சொம்பில் தண்ணீர் மொண்டு கால் கழுவும் சத்தம் கேட்டது. இருபத்தாறு வருஷமாகத் தினம் கேட்ட சத்தம்தான். அவள் பயப்படவில்லை. ‘வந்துட்டாரு’ என்று அடுப்பைப் பற்ற வைக்கப் போனவள், பாதி வழியில் நின்றுவிட்டாள்.

போய்ப் பார்த்தபோது சிமெண்டுத் தரை ஈரமாக இருந்தது. வலது கால் முழுசாகப் பதிந்திருந்தது. இடது கால் விரல் நுனி மட்டும்தான் பதிந்திருந்தது.

ஆதிகேசவனுக்கு இடது குதிகாலில் கால் ஆணி. கூடத்திலிருந்து அடுப்படிக்குக்கூட வெறுங்காலில் நடக்க மாட்டார். அவருக்கென்றே தோல் மண்டி இஷ்தியாக் அகமது ஆள் வைத்து ஒரு ஜோடி செருப்பு தைத்துக் கொடுத்திருந்தார். ஆணி அழுந்தாமல் இருக்க இடது செருப்பின் குதிகாலில் எட்டணா அகலத்துக்கு ஓட்டை வெட்டியிருக்கும். அந்தச் செருப்பு மன்றத்தில் இருக்கிறது. இந்த மனுஷன் செத்தும் தார் ரோட்டில் வெறுங்காலோடு நொண்டி நொண்டித் தினம் வீட்டுக்கு வருகிறார். செருப்பைக் கொடுத்துவிட்டால் அவர் பாட்டுக்குப் போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேருவார். அமிர்தவள்ளிக்கு வேண்டியதெல்லாம் அந்த ஒன்றுதான்.

மறுநாள் மத்தியானம் மன்றத்துக்குப் போனாள். வாசலில் செருப்புக் காவலாளி தனகோடி முக்காலியில் உட்கார்ந்திருந்தான். அவள் விஷயத்தைச் சொன்னதும் எழுந்து நின்று துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டான். அவனுக்கு அவள்மேல் மரியாதை உண்டு.

“குடுக்க முடியாதும்மா. சார் உள்ள இருக்காரு.”

“யாரு உள்ள இருக்கறது?”

“நம்ம சாருதாம்மா. இன்னும் அவுட் எழுதலியே,” என்று ரிஜிஸ்தரைத் திருப்பிக் காட்டினான். ஆடி மாதம் அந்த ஞாயிற்றுக்கிழமை நாலு மணி பத்து நிமிஷத்துக்கு ஆதிகேசவன் உள்ளே வந்திருக்கிறார். வெளியே போன நேரம் எழுதவேண்டிய கட்டம் காலியாக இருந்தது. அதன்பின் ஒவ்வொரு நாளும் அவர் பெயருக்கு நேராக ‘ஆஜர்’ என்று எழுதியிருந்தது. தனகோடி பொய் எழுதுகிற ஆள் இல்லை. செருப்பு இருந்தது, எழுதினான்.

காரியதரிசி கோதண்டராமன் வெளியே வந்தார். பெண்களுக்கு மன்றத்துக்குள் அனுமதி கிடையாது. ஆண்டு விழாவுக்கு மட்டும் மனைவிமார் வரலாம். ஆகவே தாழ்வாரத்தில் நாற்காலி போடச் சொல்லி, எதிரில் நின்றுகொண்டு நிதானமாக விளக்கினார். உறுப்பினரின் செருப்பை உறுப்பினரே நேரில் வந்து எடுத்துக்கொள்ள வேண்டும். மற்றவர்கள் எடுத்தால் அது திருட்டு. அப்படியே விசேஷமாகக் கருணை காட்டுவதானால் மன்றம் கூடித் தீர்மானம் போட வேண்டும்.

“போடுங்க சார்,” என்றாள் அமிர்தவள்ளி.

அங்கேதான் சிக்கல் இருந்தது. கூட்டம் நடக்கக் குறைந்தது பதினொரு பேர் வேண்டும். ஒழுங்காக வருகிறவர்கள் பத்துப் பேர். பதினோராவது ஆள் ஆதிகேசவன். தன்னைப் பற்றிய தீர்மானத்தில் ஓர் உறுப்பினர் கலந்துகொள்ளக் கூடாது என்பது விதி இருபத்திரண்டு. அவரை வெளியே அனுப்புவதற்கான கூட்டத்தில் அவரைக் கணக்கில் சேர்க்க முடியாது. அவரைச் சேர்க்காவிட்டால் கூட்டமே இல்லை.

“முன்னெல்லாம் வாரத்துல மூணு நாள் வருவாரு. அவரு வராத நாள்ல கூட்டமே நடக்காது,” என்றார் கோதண்டராமன். “இப்ப பாருங்க, தினமும் இருக்காரு. இந்த ரெண்டு வாரத்துல பதினாலு தீர்மானம் போட்டிருக்கோம். மன்ற சரித்திரத்துலயே இவ்ளோ வேலை நடந்தது கெடையாதும்மா.”

அவர் சொன்னது உண்மைதான். பெங்களூர் எக்ஸ்பிரஸ் நவாப்பேட்டையில் நிற்க வேண்டும் என்றும், பஸ் நிலையத்துக்கு மணிக்கூண்டு வேண்டும் என்றும், இரண்டு நாள் தண்ணீர் ஓடியதற்காகப் பாலாற்றுக்கு நன்றி தெரிவித்தும், ஊரில் வீசும் தோல் நாற்றத்தைக் கண்டித்தும் தீர்மானங்கள் நிறைவேறியிருந்தன. எல்லாம் ஒருமனதாக. இந்த மன்றத்தில் தீர்மானம் நிறைவேறினால் ஒருமனதாகத்தான் நிறைவேறும். ஒருவர் ஆட்சேபித்தாலும் அது விழுந்துவிடும். இருபத்தெட்டு வருஷமாக யாரும் ஆட்சேபித்ததில்லை. நாற்றத்தைக் கண்டித்த தீர்மானத்தை முன்மொழிந்தவர் இரண்டு டேனரிக்குச் சொந்தக்காரர்.

கோதண்டராமன் பெருமையோடு நடவடிக்கைப் புத்தகத்தைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தார். எட்டாவது வரை படித்தவள், அவளே படித்தாள்.

‘உறுப்பினர் திரு. ஆதிகேசவன் வழிமொழிந்தார்.’ ‘திரு. ஆதிகேசவன் காரசாரமாகப் பேசினார்.’ அதற்கு அடுத்த புதன்கிழமை: ‘திரு. ஆதிகேசவன் நகைச்சுவையாகச் சில கருத்துகளைக் கூறினார். அவையில் சிரிப்பு.’

அமிர்தவள்ளி அந்த வரியிலேயே நின்றுவிட்டாள். இருபத்தாறு வருஷத்தில் அவர் அவளிடம் பேசியதையெல்லாம் சேர்த்தால் அரைப் பக்கம் வராது. சோறு போடு என்பார். உப்பு கம்மி என்பார். தூங்கப் போகும்போது தாழ்ப்பாள் போட்டியா என்பார். அவளைச் சிரிக்க வைக்க ஒரு வார்த்தை சொன்னதில்லை. செத்த பிறகு பத்து ஆண்பிள்ளைகளைச் சிரிக்க வைத்திருக்கிறார். அவளுக்குப் பொறாமையாக இருந்தது, கண்ணில் தண்ணீர் வருகிற மாதிரி பொறாமை.

“இன்னா சொல்லி சிரிக்க வெச்சாரு சார்?” என்று கேட்டாள்.

“நகைச்சுவைய விவரமா எழுதற வழக்கம் இல்லம்மா,” என்றார் காரியதரிசி.

அன்று சாயங்காலமும் பின்கட்டில் தண்ணீர் சத்தம் கேட்டது. அவள் ஒரு மணைக்கட்டையில் பழந்துணியை மடித்துப் போட்டுத் தண்ணீர்த் தொட்டி ஓரமாக வைத்தாள், குதிகாலுக்கு மெத்தென்று இருக்கட்டும் என்று. காலையில் துணி ஈரமாகக் கிடந்தது.

பக்கத்து வீட்டு அஃப்ஸர் ஜஹானிடம் மட்டும் இதைச் சொன்னாள். மண்டி இஷ்தியாக் அகமதின் மனைவி அவள். கேட்டுவிட்டு முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள். தன் வீட்டுக்காரரும் மன்றத்துக்கு ஒழுங்காக வரும் பத்தில் ஒருவர் என்றும், அவரைக் கேட்டதற்கு, ஆமாம் ஆதிகேசவன் நாற்காலியில் யாரும் உட்காருவதில்லை, அவர் முன்னைவிட நன்றாகப் பேசுகிறார் என்று சொன்னதாகவும் சொன்னாள்.

தை மாதம் ஆண்டு விழா வந்தது. சிறந்த உறுப்பினர் விருது ஆதிகேசவனுக்கு. மனைவிமார் வரிசையில் அமிர்தவள்ளியும் உட்கார்ந்திருந்தாள். தலைவர் வேதாசலம், ஓய்வுபெற்ற ரெவின்யூ இன்ஸ்பெக்டர், மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பேசினார்.

“ஒரு நல்ல உறுப்பினருக்கு என்ன வேண்டும்? நேரத்துக்கு இருக்க வேண்டும். எதிர்த்துப் பேசக் கூடாது. பாதியில் எழுந்து போகக் கூடாது. இந்த மூன்று குணமும் உயிரோடு இருக்கிற யாரிடமும் ஒருசேர அமைந்து நான் பார்த்ததில்லை. நண்பர் ஆதிகேசவனிடம் பூரணமாக அமைந்திருக்கின்றன. இருபது வருஷமாக நான் தலைவர். நாம் அனுப்பிய தீர்மானங்களில் ஒன்றாவது நடந்ததா? இல்லை. பதிலாவது வந்ததா? இல்லை. அதற்காக நாம் நிறுத்தினோமா? இல்லை. அந்த மன உறுதிக்கு இந்த விருது.”

பலத்த கைதட்டல். விருதை அவர் சார்பில் மனைவி வாங்கிக்கொள்ளட்டும் என்று யாரோ சொன்னார்கள். ஆள் எதிரிலேயே இருக்கும்போது சார்பில் எதற்கு என்று காரியதரிசி கேட்டார். அது எல்லோருக்கும் நியாயமாகப் பட்டது. பொன்னாடையைக் கொண்டுபோய்ப் பிரம்பு நாற்காலியின் முதுகில் போர்த்தினார்கள். அமிர்தவள்ளி எட்டிப் பார்த்தாள். நாற்காலியின் இருக்கைப் பின்னல் நடுவில் குழிந்து, யாரோ உட்கார்ந்திருக்கிற மாதிரி கீழே தொங்கியது. பழைய நாற்காலி என்றால் அப்படித்தான் இருக்கும் என்று அவள் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அதற்கு அடுத்த நாற்காலி அதைவிடப் பழசு, அது குழியவில்லை.

அந்தப் பேச்சைக் கவனமாகக் கேட்டவர் இஷ்தியாக் அகமது. வியாபாரி, எதிலிருந்தும் விஷயத்தை எடுத்துக்கொள்ளத் தெரிந்தவர். மறுநாள் ஒரு பழைய ஜோடியைக் கொண்டுவந்து தன் கட்டத்தில் வைத்துவிட்டு, இன்னொரு ஜோடியை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துத் தூங்கினார். அன்றைய நடவடிக்கையில் அவர் மணிக்கூண்டைப் பற்றி இரண்டு தடவை பேசியிருந்தார். நேரில் அவர் பேசியதைவிட அது கோர்வையாகவும் இருந்தது. அதைப் படித்துவிட்டு மற்றவர்களும் ஆளுக்கொரு பழைய ஜோடியைக் கொண்டுவந்து வைத்தார்கள். வருஷக்கணக்காக எட்டிப் பார்க்காத பத்துப் பேரும் பையில் போட்டு ஆள் மூலம் அனுப்பினார்கள். தலைவர் வேதாசலம் புது ஜோடியே வாங்கி வைத்தார், பதவிக்குத் தகுந்தாற்போல. மாசி மாதக் கடைசியில் மன்றத்தில் நூற்றுக்கு நூறு வருகை. உள்ளே கோதண்டராமன் ஒருவர்தான் இருந்தார்.

அமிர்தவள்ளி ஒரு நாள் அந்த வழியாகப் போனபோது தனகோடி ஓடிவந்து நிறுத்தினான். அவன் இளைத்துப் போயிருந்தான்.

“உள்ள ஃபேன் போட்டு வுட்டுட்டு வந்து உக்கார்றேம்மா. பேச்சு சத்தம் கேக்குது. இருமறாங்க, நாற்காலி இழுக்கறாங்க. ஆளுங்க இருந்தப்ப இவ்ளோ சத்தம் கெடையாது.”

“போய்ப் பாக்கறதுதானே.”

“பாத்தேன். செக்ரட்டரி சாரு தலைய குனிஞ்சிகினு எழுதறாரு. வேற யாரும் இல்ல. பேஜாரா இருக்குதும்மா, வேலைய வுட்டுடலாமான்னு இருக்கேன்.”

அவளுக்கு அவன் பயம் புரிந்தது. ஆனால் அதைவிட முக்கியமாக வேறொன்று புரிந்தது. நேராகக் காரியதரிசியைக் கூப்பிடச் சொன்னாள். எங்கள் வீட்டுக்காரரைக் கழித்தாலும் இப்போது இருபது பேர் இருக்கிறார்களே, பதினொன்றுக்கு மேல் ஆயிற்றே, தீர்மானத்தை எடுத்துக்கொள்ளலாமே என்று கேட்டாள். கோதண்டராமன் விதிப் புத்தகத்தை இரண்டு முறை புரட்டினார். தப்பிக்க ஒரு வழியும் அதில் இல்லை. பங்குனி பத்தாம் தேதி, சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குக் கூட்டம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அன்று அவள் குளித்து, துவைத்த புடவை கட்டிக்கொண்டு போனாள். மனு கொடுத்தவர் என்ற முறையில் உள்ளே வர அவளுக்கு அனுமதி உண்டு. செருப்பை வாசலில் விட்டாள். இருபத்தொரு கட்டமும் நிரம்பியிருந்ததால் தனகோடி அதை முக்காலியின் கீழே தள்ளி வைத்தான்.

கூடத்தில் நான்கு ஃபேன்களும் சுற்றின. நாற்காலிகள் வரிசையாக இருந்தன. பதினேழாம் நாற்காலியில் பொன்னாடை இன்னும் கிடந்தது. கோதண்டராமன் எழுந்து, “தலைவர் அவர்களே, உறுப்பினர் பெருமக்களே,” என்று ஆரம்பித்து அவளுடைய மனுவைப் படித்தார். படித்து முடித்துக் காது கொடுத்துக் கேட்டார். அங்கங்கே தலையாட்டினார். குனிந்து எழுதினார்.

“தலைவர் இன்னும் ஆலோசிக்கணும்னு சொல்றாரும்மா. ஒத்தி வெக்கலாம்ங்கறாரு.”

அமிர்தவள்ளி தலைவரின் நாற்காலியைப் பார்த்தாள். “யாரும் பேசலியே சார்.”

“உங்களுக்குக் கேக்காதும்மா. நீங்க மெம்பர் இல்ல.” அவர் கிண்டல் செய்யவில்லை. எட்டு மாதமாக எழுதி எழுதி அவர் முகமே மங்கிப் போயிருந்தது. மறுபடி காது கொடுத்துக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “ஆதிகேசவனும் மன்றத்த வுட்டு போக இஷ்டம் இல்லங்கறாரு. இங்கதான் சந்தோஷமா இருக்காராம்.”

அதுவரை அவளுக்குக் கோபம் வரவில்லை. இப்போது வந்தது. அந்த மனுஷன் சந்தோஷமாக இருக்கிறேன் என்று ஒரு நாளும் யாரிடமும் சொன்னவர் இல்லை. கால் வலிக்கிறது என்றுகூடச் சொல்ல மாட்டார், அவள்தான் நடையைப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். அவர் வாயில் இவர்கள் எதை வேண்டுமானாலும் போட்டு எழுதிக்கொள்கிறார்கள்.

எழுந்து பதினேழாம் நாற்காலியின் முன்னால் போய் நின்றாள். பொன்னாடையை எடுத்து மடித்துப் பக்கத்தில் வைத்தாள்.

“கால் வலிக்குதாங்க?” என்று கேட்டாள். பிறகு வழக்கமான குரலில் சொன்னாள்: “எழுந்து வாங்க. வூட்டுக்குப் போலாம்.”

பிரம்புப் பின்னல் முறுகி நிமிர்ந்தது. ஆள் எழுந்திருக்கும்போது பழைய நாற்காலி போடும் சத்தம் கூடத்தில் தெளிவாகக் கேட்டது. கோதண்டராமன் கையிலிருந்த பேனா கீழே விழுந்தது. எட்டு மாதமாக அவர் எழுதிய பேச்சுகளில் ஒன்றையும் அவர் உண்மையில் கேட்டதில்லை. இதைக் கேட்டுவிட்டார். பேனாவை எடுக்க அவர் குனியவில்லை.

அமிர்தவள்ளி வெளியே வந்து பதினேழாம் கட்டத்திலிருந்து செருப்பை எடுத்தாள். தனகோடி தடுக்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, ரிஜிஸ்தரில் காலியாக இருந்த கட்டத்தில் ‘4.35, வெளியே’ என்று எழுதினான். அவள் இரண்டு செருப்பையும் மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, பங்குனி வெயிலில், தார் ரோட்டில் வெறுங்காலோடு நடந்தாள். சுட்டது. இப்படித்தான் இத்தனை நாள் வந்தாரா என்று நினைத்துக்கொண்டாள். தன் செருப்பை மன்றத்திலேயே விட்டுவிட்டோம் என்பது வீட்டுப்படி ஏறும்போதுதான் தெரிந்தது. திரும்பிப் போக அவளுக்குத் தெம்பில்லை.

பின்கட்டில், தொட்டியின் பக்கத்தில், காலை விட்டு மாட்டிக்கொள்ள வசதியாகச் செருப்பைப் போட்டு வைத்தாள். விளக்கு வைக்கும் நேரத்துக்குத் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. அவள் எழுந்து போகவில்லை. கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு, பத்திரமாப் போங்க என்று மட்டும் சொன்னாள். கொஞ்ச நேரம் கழித்துத் தோல் செருப்பு சிமெண்டில் உரசுகிற சத்தம், ஒரு கால் அழுத்தமாக, ஒரு கால் லேசாக, சந்துப்பக்கம் போய் ஓய்ந்தது. காலையில் பார்த்தால் செருப்பு இல்லை. நாய் இழுத்துக்கொண்டு போயிருக்கும் என்றாள் அஃப்ஸர் ஜஹான். இருக்கும் என்று அமிர்தவள்ளியும் ஒப்புக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் பின்கட்டு அமைதியாக இருந்தது. அடுத்த நாளும் அப்படியே. அவர் போய்விட்டார் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, காரியத்தன்றுகூட அழாத அழுகையை அழுது தீர்த்தாள்.

ஒரு வாரம் கழித்து, பத்து மணி வாக்கில் தனகோடி வந்தான். உட்காரச் சொன்னாலும் உட்காராமல் வாசலிலேயே நின்று சொன்னான். மன்றத்தில் எந்தச் செருப்பும் தரையில் கிடக்கக் கூடாது என்பது விதி. காலியாக இருந்தது பதினேழாம் கட்டம் ஒன்றுதான். ஆகவே அவளுடைய செருப்பை எடுத்து அதில் வைத்துவிட்டான். செருப்பு இருந்தால் ஆள் ஆஜர். ஆஜர் என்று எழுதினான். அன்றிலிருந்து காரியதரிசி சாருக்கு முகத்தில் ரத்தம் இல்லை. பேனாவைத் திறந்ததும் பதினேழாம் நாற்காலியைப் பார்க்கிறார். ஒவ்வொரு தீர்மானத்தின் கீழேயும் ‘திருமதி அமிர்தவள்ளி ஆட்சேபம் தெரிவித்தார்’ என்று எழுதுகிறார். மறுபடி கொண்டுவந்த எக்ஸ்பிரஸ் தீர்மானம் விழுந்துவிட்டது. மணிக்கூண்டு விழுந்துவிட்டது. தலைவர் வேதாசலத்துக்குப் பாராட்டுவிழா நடத்தும் தீர்மானமும் நேற்று விழுந்துவிட்டது. தலைவரே நேரில் வந்து சத்தம் போட்டிருக்கிறார். அந்தம்மா சும்மா இருக்க மாட்டேங்கறாங்க, நான் இன்னா பண்றது என்று காரியதரிசி அழுதிருக்கிறார்.

“செருப்ப எடுத்துகினு போய் குடுத்துட்டு வந்துடுன்னு தலைவரு சொன்னாரு,” என்றான் தனகோடி. “மெம்பரே வந்துதான் எடுக்கணும்னு செக்ரட்டரி ரூல் சொல்றாரு. நீங்க ஒரு வாட்டி வந்து எடுத்துகினு போய்ட்டீங்கன்னா நல்லாருக்கும்மா. வர்றீங்களா?”

அமிர்தவள்ளி முறத்திலிருந்த அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

“அங்கியே இருக்கட்டும் தனகோடி. நான் இன்னும் பேசி முடிக்கல.”

அவன் திரும்பிப் போனான். அவள் அரிசியை உலையில் போட்டுவிட்டு, அஃப்ஸர் ஜஹானைக் கூட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய்ப் புதுசாக ஒரு ஜோடி வாங்கி மாட்டிக்கொண்டு வந்தாள்.